ஜி41 போர்டில் 4 ஜிபி ராம் போட்டால் டிஸ்ப்ளே வரவில்லை, உதவுங்கள்

வணக்கம். 2010-ல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டு, கோர் 2 டியோ இ7500 பிராசசர், இரண்டு டிடிஆர்3 ராம் ஸ்லாட், ஒரே ஒரு 2 ஜிபி ராம். அப்பா பத்திரம் எழுதுவதெல்லாம் இதில்தான். பிரவுசரைத் திறந்தாலே திணறுகிறது.

போன சனிக்கிழமை மதுரையில் 4 ஜிபி ஸ்டிக் இரண்டு (பிசி3எல், அதாவது 1.35 வோல்ட் வகை; வேகம் 1600) வாங்கி மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது, நீளமான பீப் விட்டுவிட்டு வருகிறது. பழைய ராமைப் போட்டால் உடனே பூட் ஆகிறது.

ஒவ்வொரு ஸ்டிக்காக இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பின்களை அழிரப்பரால் தேய்த்தேன். போர்டின் அமைப்புகளைக் காக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் வைத்தேன். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸையும் அப்டேட் செய்தாயிற்று. இதே ஸ்டிக்குகள் நண்பன் வீட்டு நான்காம் தலைமுறை ஐ3-ல் நன்றாக ஓடுகின்றன, அதனால் ராமில் பழுதில்லை.

ஒன்று கண்ணில் பட்டது. பழைய ராமில் பக்கத்துக்கு எட்டாக 16 சிப்; புதியதில் ஒரு பக்கம் மட்டும் 8, அதாவது ஒவ்வொரு சிப்பின் கொள்ளளவும் அதிகம். சிக்கல் இங்கேதான் என்று சந்தேகப்படுகிறேன். வியாழனுக்குள் கொண்டுவந்தால் கடைக்காரர் மாற்றித் தருவார்.

இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ள 1.5 வோல்ட் 4 ஜிபி ஸ்டிக்கை ஜி41 போர்டில் போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?