இணைப்பு அறுந்து மீண்ட காத்திருப்புச் சேவையகம்: மறுபடி முழு நகல் எடுக்க வேண்டுமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். எங்கள் சங்கத்தின் போஸ்ட்கிரெஸ் 15 தரவுத்தளம் கடலூரிலும் அதன் காத்திருப்புச் சேவையகம் (முதன்மைச் சேவையகத்தின் மாற்றங்களைத் தொடர்ந்து பெற்று வைத்திருக்கும் பிரதி) புதுச்சேரியிலும் இயங்குகின்றன. மழையால் இணைப்பு ஒரு பகல் முழுவதும் அறுந்திருந்தது. இப்போது, தான் கேட்கும் லாக் கோப்பு (தரவு மாற்றங்களை வரிசையாகப் பதியும் கோப்பு) முதன்மைச் சேவையகத்தில் நீக்கப்பட்டுவிட்டது என்ற பிழையையே காத்திருப்புச் சேவையகம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. லாக் கோப்புகள் கடலூரிலேயே ஒரு தனி வட்டிலும் சேமிக்கப்படுகின்றன. முழு நகல் எடுக்காமல் மீட்க வழியுண்டா?

பதில் (லாசுப்பேட்டை, புதுச்சேரி):
வட்டில் அந்தக் கோப்புகள் விடுபடாமல் இருந்தால் வழியுண்டு. செக்பாயிண்ட் (அதுவரை மாறிய தரவுப் பக்கங்களை வட்டில் எழுதி, அவ்விடத்தைக் குறிப்பது) முடிந்து தனக்குத் தேவைப்படாத லாக் கோப்புகளை, ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்.பி., முதன்மைச் சேவையகம் அகற்றிவிடும். காத்திருப்புச் சேவையகம் எப்போதும் மீட்பு நிலையிலேயே இருப்பது. அது முதலில் ரீஸ்டோர் கமாண்ட் (சேமித்த லாக் கோப்பை எடுத்துவரும் கட்டளை) காட்டும் காப்பகத்திலும், பிறகு தன் சொந்த லாக் அடைவிலும் தேடி, இரண்டிலும் கிடைக்காதபோதுதான் முதன்மையிடம் நேரடியாகக் கேட்கும். அங்கும் கிடைக்காவிட்டால் மறுபடி காப்பகத்துக்கே திரும்பும். உங்கள் அமைப்பில் அந்தக் கமாண்ட் காலியாக இருக்கிறது என்று கருதுகிறேன். அந்த வட்டிலிருந்து கோப்பை எடுத்து வருமாறு அதை எழுதுங்கள். 14ஆம் பதிப்பு முதல் இதற்கு ரீலோட் (சேவையகத்தை நிறுத்தாமல் அமைப்புகளை மறுபடி படிக்க வைப்பது) செய்தாலே போதும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. இடையில் புதுச்சேரியில் மின்சாரமும் போய்விட்டது. அப்படியானால் அது முதலிலிருந்து தொடங்குமா?

பதில் (லாசுப்பேட்டை):
இல்லை. காத்திருப்புச் சேவையகத்தால் தானாகச் செக்பாயிண்ட் எழுத முடியாது. ஆனால் முதன்மையிலிருந்து வரும் செக்பாயிண்ட் பதிவை அடையும்போது, அதுவரை மாறிய பக்கங்களை வட்டில் எழுதி, அவ்விடத்தை ரீஸ்டார்ட்பாயிண்ட் எனக் குறித்துக்கொள்ள அதனால் முடியும். கடைசியாகக் குறித்த அந்த இடத்திலிருந்துதான் மீட்பு தொடரும். அதற்குப் பிந்தைய கோப்புகளில் ஒன்று எங்குமே இல்லையென்றால் அதைத் தாண்டிச் செல்ல இயலாது. அப்போது முழு நகல்தான்.

பதில் (நெய்வேலி):
இனி இப்படி நேராமலிருக்க ரெப்ளிகேஷன் ஸ்லாட் (காத்திருப்புச் சேவையகம் எதுவரை பெற்றது என்று முதன்மை வைத்துக்கொள்ளும் குறிப்பு) வைக்கலாமே என்று தோன்றலாம். அதை வைத்தால் முதன்மை கோப்புகளை அகற்றாமல் காக்கும் என்பது உண்மையே. ஆனால் இணைப்பு நாள் கணக்கில் வராவிட்டால் முதன்மையின் வட்டே நிரம்பி, தரவுத்தளம் நின்றுவிடும். 13ஆம் பதிப்பு முதல் ஸ்லாட்டுக்கு அளவு வரம்பு வைக்கலாம். வரம்பு தாண்டினால் கோப்புகள் போய்விடும் என்பதால் காப்பகம் எப்படியும் வேண்டும். அந்தக் காப்பகம் கடலூரில் மட்டும் இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் சேர்த்தே தாக்கியது. லாக் கோப்புகளின் இன்னொரு பிரதியைக் கோவை போன்ற உள்நாட்டு ஊர் ஒன்றுக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு முழு நகலும் அங்கே இருக்கட்டும், ஏனெனில் அது இல்லாமல் லாக் கோப்புகளை மட்டும் வைத்து எதையும் மீட்க முடியாது.