மீட்டரில் சரியாக 10.00 காட்டிய ரெசிஸ்டர் மதியத்தில் தராசைக் கெடுப்பது ஏன்?

கேள்வி: தராசு_வண்ணை

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் மின்னணுத் தராசுகளைப் பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவர்கள். சென்ற மாதம் வந்த 50 கிலோ தராசு ஒன்றில், லோடுசெல் (எடையை மின்சைகையாக மாற்றும் பாகம்) தரும் சைகையைப் பெருக்கும் பகுதியில் இருந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடையம்) பழுதாகியிருந்தது. அதன் மேல் உள்ள வண்ணப் பட்டைகளில் ஐந்தாவது ஊதா, அதாவது மதிப்பில் 0.1 சதவீதம் வரைதான் பிழை இருக்கும் வகை. மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்வர நேரம் இல்லாததால், கையிருப்பில் இருந்த 1 சதவீத ரெசிஸ்டர்களில் ஐம்பதை ஒவ்வொன்றாக அளந்து, மல்டிமீட்டரில் சரியாக 10.00 காட்டிய ஒன்றைப் பொறுக்கி வைத்தேன்.

விடியற்காலை ஏல நேரத்தில் எடைக்கல்லுக்குச் சரியாக நிற்கும் அந்தத் தராசு, மதியம் இரண்டு மணிக்கு 50 கிலோவுக்கு ஏறத்தாழ 60 கிராம் வித்தியாசம் காட்டுகிறது. தட்டு காலியாக இருக்கும்போது பிழை இல்லை. தொழிற்சாலையிலும் என்னைப் போலவே அளந்து பொறுக்கித்தான் 0.1 சதவீதம் என்று விற்கிறார்களா, அல்லது மதிப்பைத் திருத்தும் வழி ஏதும் இருக்கிறதா? மதிப்பு ஒன்றாக இருக்கும்போது வேறு எதில்தான் வித்தியாசம்?

பதில்: பெரம்பூர்_பழையவர்

தம்பி, ரெசிஸ்டர் ட்ரிம்மிங் (மதிப்பைத் திருத்தும்) பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொறுக்குவது அங்கே கடைசிச் சோதனை மட்டுமே, மதிப்பு வெட்டித்தான் வரவழைக்கப்படுகிறது.

உங்கள் கையில் இருக்கும் மெட்டல் ஃபிலிம் வகையில், பீங்கான் குச்சியின் மேல் வெற்றிடத்தில் நிக்கல்-குரோமியக் கலவை மிக மெல்லிய படலமாகப் படியவைக்கப்படுகிறது. இரு முனைகளிலும் உலோகத் தொப்பிகளை அழுத்திப் பொருத்தியதும், படலத்தில் லேசரால் சுருளாகப் பள்ளம் வெட்டுகிறார்கள். வெள்ளரிக்காயின் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவினால் அது எவ்வளவு நீளம் வருமோ, அதுபோல மின்னோட்டம் போக வேண்டிய பாதை நீண்டு குறுகுகிறது, மின்தடை ஏறுகிறது. வெட்டும்போதே இயந்திரம் மின்தடையை அளந்துகொண்டிருக்கும். இலக்கு எட்டியதும் லேசர் நின்றுவிடும். இதில் மதிப்பை ஏற்றலாமே தவிர இறக்க முடியாது. ஆகவே எல்லா ரெசிஸ்டரும் இலக்குக்குக் கீழேதான் பிறக்க வேண்டும், அனுமதித்த பிழை எல்லையை ஒரு மயிரிழை தாண்டினாலும் அது குப்பைதான்.

இப்போது உங்கள் தராசுக்கு வருவோம். பட்டையில் எழுதியிருக்கும் சதவீதம் அறை வெப்பத்தில் உள்ள பிழையை மட்டுமே சொல்கிறது. வெப்பத்தோடு மதிப்பு எவ்வளவு நகரும் என்பது தனிக் கணக்கு. சாதாரண 1 சதவீத ரெசிஸ்டர் ஒரு டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை நகரலாம். விடியற்காலை 27 டிகிரியில் இருந்த பெட்டியின் உட்புறம் மதியம் 39 டிகிரி ஆனால், 12 டிகிரிக்கு 1200 பிபிஎம், அதாவது 0.12 சதவீதம். 50 கிலோவில் அது சரியாக 60 கிராம். காலித் தட்டில் பிழை இல்லாததும் பெருக்கத்தில்தான் கோளாறு என்பதையே காட்டுகிறது.

இன்னொன்று, உங்கள் மல்டிமீட்டரின் துல்லியமே 0.8 சதவீதமாக இருந்தால், அது காட்டும் 10.00 என்பது 9.92 முதல் 10.08 வரை எதுவாகவும் இருக்கலாம்.

பதில்: ஸ்ட்ரெயின்கேஜ்_ராயபுரம்

மேலே சொன்னதோடு ஃபாயில் ரெசிஸ்டரையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் தராசுக்காரருக்கு அது சொந்தக்கார வீடு போன்றது. லோடுசெல்லுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ், இழுத்தால் மின்தடை ஏறும், அமுக்கினால் குறையும் என்ற குணத்தால் வேலை செய்கிறது. மின்னணுப் பாகங்கள் தயாரிக்கும் விஷே நிறுவனத்தை நிறுவிய ஃபெலிக்ஸ் சாண்ட்மேன் 1962-இல் கொண்டுவந்த ஃபாயில் ரெசிஸ்டரில் அதே குணம் பிழையைத் தீர்க்கப் பயன்படுகிறது. சில மைக்ரான் கனமுள்ள உலோகத் தகடு பீங்கான் மேல் ஒட்டப்படுகிறது. சூடேறும்போது உலோகத்தின் மின்தடை இயல்பாக ஏற முயல, உலோகம் அளவுக்கு விரியாத பீங்கான் அதை இறுக்கிப் பிடித்து அமுக்குவதால் மின்தடை குறைய முயல, இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துவிடுகின்றன.

திருத்தும் முறையும் அழகானது. தகட்டில் பொறித்த கோலத்தின் ஓரங்களில், ஒன்றைவிட ஒன்று சிறிய விளைவு தரும் இணைப்புகளை முன்கூட்டியே விட்டுவைப்பார்கள். அவற்றை வேண்டிய அளவுக்கு ஒவ்வொன்றாகத் துண்டித்து 0.001 சதவீதம் வரைகூட வந்துவிடலாம்; வெட்டு முக்கிய மின்பாதையில் விழுவதில்லை.

தராசு_வண்ணை

இருவருக்கும் நன்றி. ஐயா, ஒரு சந்தேகம். என் குரு கார்பன் ரெசிஸ்டரை அரத்தால் லேசாக உராய்ந்து மதிப்பை ஏற்றுவார். லேசரும் அதைத்தானே செய்கிறது? 9.95 காட்டும் ஒன்றை நானும் உராய்ந்து சரிசெய்யலாமா?

பதில்: பெரம்பூர்_பழையவர்

கொள்கை ஒன்றுதான், ஆனால் செய்யாதீர்கள். உராய்ந்த இடத்தில் மேற்பூச்சு போய்விடும். ஈரமும் உப்பும் உள்ளே நுழையும். நிக்கல்-குரோமியப் படலத்தின் மேல் ஈரம் இருக்க மின்னழுத்தமும் சேர்ந்தால், படலம் அரித்துக் கடைசியில் அறுந்தே போகும். காசிமேட்டுக் காற்றில் அதற்கு நெடுநாள் ஆகாது. உங்களிடம் வந்த ரெசிஸ்டரே அப்படித்தான் போயிருக்கும் என்பது என் ஊகம்.

வெட்டின் வடிவமும் முக்கியம். பலகையில் நேரடியாக ஒட்டும் தட்டையான சிப் ரெசிஸ்டரில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே நேராக வெட்டினால் மதிப்பு விரைவாக ஏறும், ஆனால் மின்னோட்டம் வெட்டின் நுனியில் நெரிந்து அங்கே சூடாகும். அதனால்தான் குறுக்கே கொஞ்சம் போய், பிறகு ஓட்டத்தின் போக்கிலேயே திரும்பும் எல் வடிவ வெட்டை விரும்புகிறார்கள். திரும்பிய பிறகு மதிப்பு மெதுவாக ஏறுவதால் இலக்கில் நிறுத்துவது எளிது. சூடு வெட்டின் ஓரத்தில் நுண்ணிய விரிசல்களை விட்டுச்செல்லும், அவை நாளாவட்டத்தில் மதிப்பை நகர்த்தும். லேசருக்கே இந்தக் கதி என்றால் அரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

பெருக்கத்தைத் தீர்மானிப்பது இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதம் என்பதால், இரண்டையுமே 0.1 சதவீதம், 25 பிபிஎம் அல்லது அதற்கும் குறைந்த வகையில், ஒரே தயாரிப்பாளரின் ஒரே சுருளிலிருந்து வாங்கி அருகருகே பொருத்துங்கள். சேர்ந்து நகர்ந்தால் விகிதம் பெரும்பாலும் நிலைக்கும். ஆறாவது பட்டை உள்ள ரெசிஸ்டர் கிடைத்தால், பழுப்பு 100 பிபிஎம், சிவப்பு 50, மஞ்சள் 25.

பதில்: முத்திரை_திருவொற்றியூர்

சிப் வகைக்கு மாறுவதாக இருந்தால் கந்தகத்தைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தடித்த படலச் சிப்களின் முனையில் வெள்ளி இருக்கும். சாக்கடையிலும் அழுகும் மீன்கழிவிலும் எழும் ஹைட்ரஜன் சல்பைடு அதை வெள்ளி சல்பைடாக்கி இணைப்பையே துண்டித்துவிடும். மேலும், பழுது பார்த்த தராசை மீண்டும் சரிபார்த்து முத்திரை வாங்கிய பிறகே ஏலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.