பிளாஸ்மாவுக்குள் தூசு விழுந்தால் குடியா முழுகிப்போகும்?

வான்கதவு
கிளிநொச்சியில் ஏ/எல் பௌதிகவியல் படிப்பிக்கிற ஒருவர் வகுப்பில் சொன்னாராம், தூசு கலந்த பிளாஸ்மா முற்றிலும் வேறு சாமான், அதைத் தனிப் பாடமாகவே படிக்க வேண்டும் என்று. எனக்கு இது கொஞ்சம் ஓவர். பிளாஸ்மா என்றால் அணுக்கள் உடைந்து, மறை ஏற்ற இலத்திரனும் நேர் ஏற்ற அயனுமாகப் பிரிந்து கிடக்கிற வாயு. அதற்குள் தூசு விழுந்தால் அது அழுக்கு, அவ்வளவுதான். 1 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள தூசு ஒரு ஆகன் வாயு அயனை விட ஆயிரம் கோடி மடங்குக்கு மேல் பாரம். அப்படி ஒன்று அங்கே என்ன ஆட்டம் ஆடப்போகிறது? ஏ9 கரையில் கிரவல் தூசு குடித்து வளர்ந்த நாங்கள் தூசுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கத் தேவையில்லை.

பாலைமரத்தடி
அண்ணை, திணிவைப் பார்த்தீர்கள், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. இலத்திரன் இலேசு, அதனால் வேகம். தூசில் முதலில் வந்து மோதி ஒட்டுவது அதுதான். தூசு மறை ஏற்றம் பெற்றதும் பின்னால் வரும் இலத்திரன்களைத் தள்ளி அயன்களை இழுக்கத் தொடங்கும், இரண்டும் சமமாக வந்து சேரும் மின்னழுத்தத்தில் போய் நிற்கும். ஆகன் பிளாஸ்மா, இலத்திரன் வெப்பநிலை 3 இலத்திரன் வோல்ற்று, தூசின் ஆரை 1 மைக்ரோமீற்றர் என்று எடுங்கள். மேற்பரப்பு மின்னழுத்தம் மறை 7 வோல்ற்று அளவில் வரும். அதைத் தூசின் கொள்ளளவத்தால் (ஒரு வோல்ற்றுக்கு எவ்வளவு ஏற்றம் பிடிக்கும் என்கிற அளவு) பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 5000 இலத்திரன். அயனில் ஒன்று, இதில் ஐயாயிரம். அதோடு இந்த ஏற்றம் நிலையானதும் இல்லை. சுற்றியுள்ள பிளாஸ்மா மாறினால் இதுவும் மாறும். இலத்திரனுக்கும் அயனுக்கும் இப்படி ஒரு குணமே கிடையாது.

வான்கதவு
சரி, ஐயாயிரம். ஆனால் எத்தனை தூசு? கன சென்ரிமீற்றருக்கு 100 கோடி இலத்திரன், 1000 தூசு என்று வைத்தால் தூசிடம் இருப்பது 50 லட்சம். நூற்றுக்கு அரை. சமன்பாட்டில் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகலாம்.

அறிவியல்நகர் பொடியன்
இரண்டு பேரும் வேறு வேறு குளத்தைப் பார்த்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். இரணைமடுவில் சல்வீனியா என்கிற நீர்க்களை நாலு மிதந்தால் குளத்துக்கு ஒன்றும் இல்லை, நீர்ப்பரப்பையே மூடிவிட்டால் அடியில் வெளிச்சம் போகாது, மீனும் மிஞ்சாது. எங்கே கோடு கீறுவது என்பதற்கு நோர்வேக்காரர் ஹாவ்னெஸ் பெயரில் ஒரு எண் இருக்கிறது: தூசுகள் வைத்திருக்கும் மொத்த ஏற்றத்தைச் சுதந்திர இலத்திரன்களின் ஏற்றத்தால் வகுப்பது. அண்ணையின் கணக்கில் அது 0.005. அங்கே அண்ணை சொல்வது சரி. அது ஒன்றைத் தாண்டினால் இலத்திரனுக்குத் தட்டுப்பாடு, ஒவ்வொரு தூசுக்கும் கிடைக்கும் பங்கும் குறையும். அந்த இடத்தில் பழைய சூத்திரத்தைப் போட்டால் விடை பிழைக்கும்.

பாலைமரத்தடி
அதேதான். இலத்திரன் குறைந்தால் என்ன நடக்கும் என்றும் சொல்லுகிறேன். பிளாஸ்மாவில் அயன் ஒலி அலை என்று ஒன்று ஓடும். அயன்கள் ஓரிடத்தில் நெருங்கும்போது அங்கே எழும் மின்புலத்தைத் தணிப்பது இலத்திரன்கள். அவற்றில் முக்கால் பங்கைத் தூசு பிடித்து வைத்துக்கொண்டால் தணிக்க ஆளில்லை, புலம் பலக்கும், அலையின் வேகம் இரட்டிக்கும். வேகம் கூடினால் அயன்களின் வெப்ப வேகத்தை விட்டு விலகிவிடுவதால், வழக்கமாக உடனே அடங்கிப்போகிற அலை அடங்காமல் ஓடும். அழுக்கு செய்கிற வேலையா இது?

பாரத்தைப் பற்றியும் கேட்டீர்கள். அந்தப் பாரம்தான் இன்னொரு அலையைப் பிறப்பிக்கிறது. 1990இல் ராவ், சுக்லா, யூ மூவரும் கணக்கில் காட்டினார்கள்: தூசு தன் திணிவைக் கொடுக்கும், இலத்திரனும் அயனும் அமுக்கத்தைக் கொடுக்கும், இரண்டும் சேர்ந்து மிக மெதுவான தூசு ஒலி அலை. 1995இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பார்க்கன், மெர்லினோ, டி'ஏஞ்சலோ கயோலின் என்கிற வெண்களித் தூளைப் போட்டு அதைப் படமே பிடித்துவிட்டார்கள். செக்கனுக்கு 9 சென்ரிமீற்றர் அளவு வேகம். லேசர் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக நகர்வது வீடியோவில் தெரியும். பிளாஸ்மா அலையைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ஒட்டுக்கடை
புதுக்குடியிருப்பில் வெல்டிங் செய்கிறவன் நான். எங்கள் ஆர்க்கும் பிளாஸ்மா என்று சொல்லுகிறார்கள், புகையும் தூசும் அதில் தாராளம். அப்போ இது எல்லாம் அங்கேயும் நடக்குதா தம்பி?

அறிவியல்நகர் பொடியன்
அண்ணை, ஆர்க்கின் நடுவில் அநேகமாக இல்லை, அந்தச் சூட்டில் தூசு ஆவியாகிவிடும். ஓரத்தில் கதை வேறு. நன்றாகச் சூடேறிய துணிக்கை தானே இலத்திரனைக் கக்கி நேர் ஏற்றமாகவும் மாறும். கழியூதா ஒளி பட்டாலும் அப்படி நடக்கும். "தூசு என்றால் மறை" என்று மனப்பாடம் செய்து வைக்கிறதும் ஆபத்து. மாஸ்க் போட்டு வேலை செய்யுங்கள், அதுதான் முக்கியம்.

வான்கதவு
தங்கச்சி, அலைக் கதை நல்லாயிருக்கு. ஆனால் எல்லாம் ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே தூளைக் கொட்டிச் செய்தவை. யாரும் கொட்டாத இடத்தில் காட்டுங்கள்.

பாலைமரத்தடி
சிப் தொழிற்சாலை. கணினிச் சில்லு செய்யும்போது பிளாஸ்மாவால் செதுக்குவார்கள். தகட்டில் தூசு விழுந்து சில்லு பழுதாகும்போது பழி அறைச் சுத்தத்தின் மேல் விழுந்தது. 1989இல் ஐபிஎம்மில் செல்வினும் கூட்டாளிகளும் ஓடிக்கொண்டிருக்கிற பிளாஸ்மாவுக்குள் லேசரை அடித்துப் பார்த்தார்கள். தகட்டுக்குச் சற்று மேலே தூசு மேகமாக அந்தரத்தில் நின்றது! வாயுவிலிருந்து உள்ளேயே வளர்ந்த தூசு, மறை ஏற்றம் பெற்றதால் மின்புலம் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் தாங்க ஆளில்லை, தகட்டில் கொட்டும். அறையை எவ்வளவு கழுவித்தான் என்ன?

இன்னொன்று, சனிக் கோளின் B வளையம். அதன் மேல் ஆரைத் திசையில் கோடுகள் தோன்றி மறைவதை 1980இல் வோயேஜர் 1 விண்கலம் கண்டது, 2005இல் கசினி விண்கலமும் பார்த்தது. நுண்ணிய தூசு ஏற்றம் பெற்று வளையத்துக்கு மேலே தூக்கப்படுகிறது என்பதுதான் முன்னணி விளக்கம்.

வான்கதவு
சிப்புக்கு ஒப்புகிறேன், அது கையில் பிடித்த சாட்சி. சனிக்கு ஒப்பமாட்டேன். அந்தத் தூசைக் கிளப்புவது விண்கல் மோதலா வேறு ஏதாவதா என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாத வழக்கைச் சாட்சிக்குக் கூட்டி வராதீர்கள்.

பாலைமரத்தடி
கிளப்புவது எது என்பதுதான் முடிவாகவில்லை அண்ணை. அந்தக் கோடுகள் எல்லாக் காலத்திலும் தெரிவதில்லை, சூரியன் வளையத் தளத்துக்குக் கிட்ட வரும் பருவத்தில்தான் கூடுதலாகத் தெரிகின்றன. வெறும் ஈர்ப்பு விசை என்றால் அதற்கு வெயில் எந்தப் பக்கம் அடித்தால் என்ன? ஒளி படுகிற கோணம் மாறினால் மாறுவது ஏற்றமும் பிளாஸ்மாவும்.

வான்கதவு
பார்க்கிற கோணத்தால் தெரியாமல் போகிறது என்றும் சொல்லலாமே.

அறிவியல்நகர் பொடியன்
அதையும் ஆட்கள் சொல்லித்தான் இருக்கிறார்கள். வளையத்துக்கு அந்த ஹாவ்னெஸ் எண் எவ்வளவு வரும் என்று யாராவது கணக்குப் போட்டுக் கொண்டு வந்தால் மிச்சத்தைக் கதைப்போம். நாளைக்கு எனக்குச் சோதனை, நான் போகிறேன்.