வீட்டு நகை, சாமான் பட்டியல் எப்படிப் போடுறது? சேஃபை எங்க பொருத்துறது? (உப்புவெளி)

உப்புவெளிக்காரி:
கொஞ்ச நாளுக்கு வீட்டைப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியிருக்கு. (போற நாளையும் எத்தனை பவுண் எண்டதையும் இந்தப் பதிவில இருந்து பிறகு எடுத்துவிட்டிட்டன், கீழ தராசுமுள் சொன்ன மாதிரி.) நகையில பாதிக்குத்தான் பில் இருக்கு, மற்றது அம்மா காலத்துச் சாமான். சேஃப் ஒண்டு வாங்கினனான், 12 கிலோ, இன்னும் பொருத்தேல்லை. சுவர் ஓட்டைச் சீமெந்துக் கல்லு, நிலம் கொங்கிரீட்டுக்கு மேல டைல்ஸ். கடல் கிட்ட.

தராசுமுள்:
அக்கா, முதல்ல எப்ப போறியள், எத்தனை பவுண் எண்ட வரியை எடுத்துவிடுங்கோ. ஊரே வாசிக்கிற இடம் இது.

"சங்கிலி 1, காப்பு 2" எண்ட பட்டியலால பொலிஸில ஒரு பிரயோசனமும் இல்லை, அது எல்லா வீட்டிலயும் இருக்கு. உங்கட சாமான் எண்டு காட்டுற அடையாளத்தை எழுதுங்கோ: கொழுக்கிக்குக் கிட்டப் பற்றாசு வைச்ச வளையம், காப்பின்ர உள்பக்கத்து முத்திரை, தோட்டில மாத்திப் போட்ட கல்லு, ஒரு சுரை மட்டும் புதுசு எண்டால் அதுவும். ஒரே நிறத் துணியில, பக்கத்தில அடிமட்டம் வைச்சு முன்பக்கம், பின்பக்கம், அடையாளம் கிட்டத்தில எண்டு நகைக்கு மூண்டு படம். ஃபிளாஷ் போட்டால் தங்கம் மினுங்கி முத்திரை தெரியாது; காலமை யன்னல் வெளிச்சம் காணும்.

நிறையை 0.01 கிராம் காட்டுற தராசில நீங்களே போடுங்கோ. சில பில்லில சேதாரமும் சேர்ந்திருக்கும். 1 பவுண் 8 கிராம் எண்டாலும் பட்டியலில கிராமிலயே எழுதுங்கோ. கல்லு வைச்சதெண்டால் "கல்லோட" எண்டு குறியுங்கோ. அடகில இருக்கிற நகையின்ர சீட்டையும் படமெடுங்கோ.

உப்புவெளிக்காரி:
நன்றி. சில பில் வெளிறிப்போச்சு. லமினேட் பண்ணலாமா?

தராசுமுள்:
ஐயோ, வேண்டாம்! மெஷினில வாற மினுக்கத் தாள் சூடு பட்டால் முழுக்கக் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் உறையும் எழுத்தை மங்க வைக்கும். இண்டைக்கே போட்டோக்கொப்பி எடுங்கோ.

பழம்பூட்டு:
12 கிலோ சேஃபைப் பொருத்தாமல் விட்டால் கள்ளனுக்கு எல்லாத்தையும் ஒரே பெட்டியில கட்டிக் குடுத்த மாதிரி.

ஓட்டைக் கல்லுச் சுவர் சரிவராது. போல்ட்டை இறுக்க இறுக்கக் கல்லின்ர மெல்லிய பக்கம் நொருங்கி, போல்ட் சும்மா சுத்தும். நிலத்தில இறக்குங்கோ: சேஃபின்ர அடியில எத்தனை துளை இருக்கோ அத்தனைக்கும் 10 மில்லிமீற்றர் விரிவு போல்ட், கொங்கிரீட்டுக்குள்ள 50 மில்லிமீற்றராவது போக வேணும். டைல்ஸை டிரில்லின்ர ஹாமர் (அடிச்சுத் துளைக்கிற) முறை இல்லாமல் டைல் பிட்டால துளைச்சு, கொங்கிரீட் வந்தாப் பிறகுதான் ஹாமரைப் போடுங்கோ. இல்லாட்டி டைல்ஸ் வெடிக்கும். துளைத் தூசை ஊதி எடுக்காட்டி போல்ட் பிடிக்காது. தண்ணிக் குழாய் எதால போகுதெண்டு பார்த்திட்டுத் துளையுங்கோ. அறை மூலையில வையுங்கோ, அலவாங்கு போட்டு நெம்ப இடமிராது.

கடல்காத்துக்கு 304 தர ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கபில நிறமாகும், 316 தரம் கேளுங்கோ. சேஃபுக்குள்ள ஈரம் நிக்கும். சிலிக்கா ஜெல் பையைப் போட்டு, நிறம் மாறினவுடன மாத்துங்கோ. சேஃபின்ர அவசரத் திறப்பை மட்டும் அலுமாரிக்குள்ள வைக்காதேங்கோ, கள்ளன் முதல்ல கிண்டுறது அதைத்தான்.

முன்கதவையும் ஒருக்காப் பாருங்கோ. பூட்டு நல்லதா இருந்தும், கதவு நிலையில பூட்டு நாக்குப் போய் விழுற தகட்டை அரை அங்குல ஆணி பிடிச்சிருந்தால் ஒரு உதையில போயிடும். 3 அங்குல ஸ்க்ரூ போடுங்கோ.

நீலப்பேனை:
மற்றச் சாமானுக்கு இலக்கத்தைப் பட்டியலில எழுதுங்கோ. போனில *#06# அடிச்சால் ஐஎம்இஐ (அந்தப் போனுக்கெண்டே உள்ள) இலக்கம் வரும். மடிகணினிக்கு அடிப்பக்கத்துத் தொடர் இலக்கம், சைக்கிளுக்குப் பெடல் அச்சுக்குக் கீழ சட்டத்தில அடிச்சிருக்கிற இலக்கம்.

படங்களை போனில மட்டும் விட்டால் போனோட அதுவும் போகும். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில அனுப்பினால் படமா இல்லாமல் டொக்கியுமென்டா அனுப்புங்கோ, படமா அனுப்பினால் சுருங்கி முத்திரை எழுத்து கலங்கிப்போகும். காப்புறுதி இருந்தால் நகைக்குத் தனி உச்சவரம்பு போட்டிருக்கோ எண்டு இப்பவே கேளுங்கோ.

களவு போனால் ஒண்டையும் தொடாமல் பொலிஸுக்கு 119 அடியுங்கோ. முறைப்பாட்டின்ர கொப்பி இல்லாமல் காப்புறுதிக்குப் போக ஏலாது.

கிணத்தடி மோட்டருக்கு ஆணியால உடம்பில இலக்கம் கீறுங்கோ. ஸ்டிக்கர் ரெண்டு மழைக்குக் காணாது.