நரம்பை எடுத்த பிறகும் பல் வலிப்பது ஏன்?

கேள்வி:
கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று நாள்களுக்கு முன் வேர் சிகிச்சை முடிந்தது. இரவெல்லாம் விண்விண்ணென்று தெறித்த பழைய வலி அடங்கிவிட்டது. ஆனால், அந்தப் பல்லின் மேல் சோறு பட்டாலே இப்போது வலிக்கிறது. நரம்பே இல்லாத பல்லில் வலிப்பது எது? மருத்துவர் வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பிடியுள்ள ஊசிகளை மாற்றி மாற்றி உள்ளே விட்டார். அவற்றில் ஒன்று முறிந்து தங்கியிருக்குமோ என்றும் அஞ்சுகிறேன்.

பதில் (பல் மருத்துவர்):
இப்போது வலிப்பது பல்லின் உட்புறம் அன்று. வேரை எலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய திசு. அதற்குத் தனியே நரம்புகள் உண்டு. நீங்கள் கண்டவை ஊசிகளும் அல்ல, 'ஃபைல்' என்னும் நுண்ணரங்கள். வெள்ளை 15, மஞ்சள் 20, சிவப்பு 25 என்பன அவற்றின் எண்கள். சிவப்பின் முனை 0.25 மி.மீ. தடிமன்தான். அராவும்போது துகள்களும் கிருமிகளும் வேர் நுனியைத் தாண்டிச் சிறிது தள்ளப்பட்டாலோ, நீளக் கணக்கு பிசகி அரத்தின் முனையே வெளியே போனாலோ, அந்த இடம் புண்பட்டு ஓரிரு நாள் வலி மிகுந்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். ஆனால், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பல்லின் குழியை நிரப்பிய அடைப்பு சற்று மேடாக இருக்கிறதோ என்றே முதலில் ஐயுறுவேன். வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து மேட்டைத் தேய்த்துவிடலாம்.

முறிவு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். வளைந்த வேருக்குள் எஃகைவிட எளிதாக வளைந்து செல்லும் நிக்கல் டைட்டானிய அரம், பலமுறை சுழன்று தளர்ந்தபின் முன்னறிகுறியின்றி முறிவதுண்டு. அத்துண்டைவிட, அதற்கு அப்பால் சுத்தம் செய்ய முடியாமல் போகும் பகுதியே கவலைக்குரியது. வீக்கமோ காய்ச்சலோ வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால், அன்றே செல்லுங்கள்.

பதில் (முன்பு சிகிச்சை பெற்றவர்):
எனக்கு மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு மாதமாகியும் வலி தீரவில்லை. மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கால் பணம் போனதே மிச்சம். நான்காவதாக ஒரு வேர்க்கால்வாய் (வேருக்குள் நரம்பு ஓடும் குழல்) விடுபட்டிருந்ததை இன்னொரு மருத்துவர் நுண்ணோக்கியில் கண்டு சுத்தம் செய்த பிறகே நிம்மதி கிடைத்தது.

கேள்வி கேட்டவர்:
இன்று சென்று வந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. அடைப்பின் ஓரம்தான் உயர்ந்திருந்தது. தேய்த்த பின் பாதி வலி அங்கேயே குறைந்துவிட்டது. கேப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, கடலை எதையும் கடிக்க வேண்டாம் என்றார்.