புதுப்பிப்பு: கணக்கு டியூஷன், ஒரு மாதத்துக்குப் பிறகு

கல்லூரியில் சாயங்காலம் நடக்கும் டியூஷனுக்குப் போயும் லாப்லாஸ் உருமாற்றம் (வகைக்கெழுச் சமன்பாட்டை எஸ் என்ற எழுத்தில் சாதாரண இயற்கணிதமாக மாற்றிப் போடும் முறை) மண்டையில் ஏறவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு பவானிக்கார அண்ணன் ஒருவர், "வெறும் நோட்டோட போகாதீங்க, கேள்வியோட போங்க" என்றார். அப்படியே செய்தேன்.

முதல் நாள் ராத்திரியே மூன்று கணக்குகளைப் போட்டு, நின்றுபோன வரியில் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டேன். சொல்லித்தரும் சீனியர் அக்கா பேனாவையே தொடவில்லை. "சத்தமா சொல்லிக்கிட்டே நீயே போடு கண்ணு" என்றார். பத்தே நிமிடத்தில் ஓட்டை தெரிந்துவிட்டது. லாப்லாஸ் இல்லை, பிளஸ் ஒன்னில் படித்த பகுதிப் பின்னம், அதாவது ஒரு பெரிய பின்னத்தைச் சின்னச் சின்னப் பின்னங்களாகப் பிரிப்பது! கீழே (எஸ்+1)-இன் வர்க்கம் இருந்தால், வர்க்கத்துக்கு ஒரு பின்னம், வெறும் (எஸ்+1)-க்கு ஒரு பின்னம் என்று இரண்டும் எழுத வேண்டும். நான் ஒன்றை மட்டுமே எழுதிவந்தேன்.

அப்புறம், பெருந்துறைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நோட்டை மூடிவைத்து அதே கணக்கை மறுபடி போடுகிறேன். எனக்கு அதிகம் உதவியது இதுதான்.

முதல் தேர்வில் 50-க்கு 14, இப்போது 38. அந்த அண்ணனுக்கு ரொம்ப நன்றிங்க. அடுத்த வாரம் ஃபூரியர் தொடர் என்ற பாடம், வட்டம் போட்டு வைத்துவிட்டேன்.