பழைய கடன் நிலுவை இருந்தால் பாதுகாப்பு அனுமதி கிடைக்குமா?

கேள்வி – மேரிலாந்து வாசகர்

வணக்கம். நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை உறுதியாகியிருக்கிறது. அரசின் ரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி, அதாவது ‘சீக்ரெட்’ நிலை கிளியரன்ஸ், கிடைத்தால்தான் சேர முடியும். சில ஆண்டுகளுக்கு முன் வேலை இழந்தபோது கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று வசூல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது; இன்னும் அதை அடைக்கவில்லை. சென்னையில் என் பெயரிலுள்ள வீட்டுக் கடனிலும் அப்போது ஆறு மாதத் தவணை நின்று, பிறகு கட்டி முடித்தேன். இவற்றை அந்த அனுமதிக்கான பின்னணி விவரப் படிவமான எஸ்எஃப்-86இல் எழுத வேண்டுமா? எழுதினால் அதைக் காட்டியே மறுத்துவிடுவார்களா?

பதில் – ஓய்வுபெற்ற ஒப்பந்ததாரர்

இரண்டையும் எழுதத்தான் வேண்டும். வசூலுக்குப் போன கணக்குகளையும், 120 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்ற கடன்களையும் படிவத்தின் 26ஆம் பிரிவு கேட்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் நடந்தவை அனைத்தும் அதில் அடங்கும், கடன் எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பது பொருட்டல்ல.

அனுமதி தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள 13 மதிப்பீட்டு நெறிகளில் ‘எஃப்’ என்பது பண விவகாரம் பற்றியது. இன்ன தொகைக்கு மேல் கடன் இருந்தால் தகுதியில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. வரவுக்கு மீறிச் செலவு செய்கிறாரா, கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் எண்ணம் உள்ளவரா, நெருக்கடி முற்றினால் தவறான வழியில் பணம் தேடக்கூடியவரா என்பதே அதன் கவலை. வேலையிழப்பு, மருத்துவச் செலவு, மணமுறிவு போன்றவற்றால் கடன்பட்டு, அதன் பிறகும் பொறுப்போடு நடந்துகொண்டவருக்கு அதே நெறி இடம் கொடுக்கிறது. உங்கள் சென்னைக் கடனை இந்தக் கணக்கில் சேர்க்கலாம். கார்டு பாக்கியை இப்போதைக்குச் சேர்க்க முடியாது.

மறைப்பது கடனைவிடப் பெரிய சிக்கல். தெரிந்தே பொய் எழுதினால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றமாகும். நடத்தை பற்றிய ‘இ’ நெறியும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

பதில் – வர்ஜீனியா நண்பர்

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1994இல் கைதான சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், மணமுறிவும் கடனும் நெருக்கிய 1985இல்தான் சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்கத் தொடங்கினார். பின்னர் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கியும் நெடுநாள் பிடிபடவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆனால் கியூபாவுக்கு உளவு பார்த்து 2001இல் கைதான அமெரிக்க ராணுவ உளவுத்துறை ஆய்வாளர் அனா மான்டெஸ் பணத்துக்காக அதைச் செய்யவில்லை. கடன் கணக்கை எவ்வளவு துருவினாலும் அவர் அகப்பட்டிருக்க மாட்டார். ஆகவே கடனுக்கு இத்தனை எடை கொடுப்பது எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை.

மேரிலாந்து வாசகர்

நன்றி. கார்டு பாக்கி அடுத்த ஆண்டு என் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து நீங்கிவிடும். அதுவரை காத்திருந்து விண்ணப்பிக்கலாமா?

பதில் – ஓய்வுபெற்ற ஒப்பந்ததாரர்

வேண்டாம். ரிப்போர்ட்டிலிருந்து நீங்கினாலும் கடன் தீர்ந்ததாக ஆகாது. தற்போது 120 நாட்களுக்கு மேல் நிலுவை உண்டா என்று படிவம் தனியாகவே கேட்கிறது. கடன் காலாவதியானதைக் காட்டித் தப்புவதை, அனுமதி மறுப்பு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகள் நல்லெண்ண முயற்சியாக ஏற்பதில்லை.

இன்றே வசூல் நிறுவனத்துடன் பேசி, உங்களால் தவறாமல் கட்டக்கூடிய சிறு தொகைக்கு எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அனுமதியை மறுக்க எண்ணினால் முதலில் ஏன் என்று விளக்கும் ‘காரண அறிக்கை’ அனுப்புவார்கள். ஒப்பந்தப் பணியாளர் 20 நாட்களுக்குள் பதில் தந்து நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். அந்த அறிக்கை வந்த பிறகு அவசரமாகக் கட்டும் பணத்துக்கு மதிப்புக் குறைவு. சென்னை வங்கியிடம் கடன் கணக்கு அறிக்கையையும் கடன் தீர்ந்ததற்கான சான்றிதழையும் இப்போதே வாங்கி வையுங்கள். அமெரிக்க ரிப்போர்ட்டில் அந்தக் கடன் வராது என்பதால், கட்டி முடித்ததை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.